ஒன்பது புள்ளி நான்கு

வெள்ளவத்தையில் கடல்
நான்காம் மாடிக்கும் ஏறி வரும்.
மூன்றே வருசத்தில் ஜன்னல் கம்பியைத் தின்று தீர்த்தது.
இப்போது என் அலுமாரியை முகர்கிறது.

அலுமாரிக்குள் நாற்பத்தொரு பிளாஸ்டிக் பேழைகள்.
ஒன்றையொன்று அழுத்தாமல், சாயாமல்,
டொக்டரின் அறைக்கு வெளியே
இலக்கத்தோடு காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கின்றன.
படுக்கப் போட்டால் முதுகு வளையும்.
வெளிச்சம் பட்டால் சிவப்பு முதலில் சாகும்,
பிறகு மஞ்சள்.
நீலம் மட்டும் கடைசிவரை
ஒன்றும் நடக்காதது போல் இருக்கும்.

ஈரமானி எண்பத்திரண்டு காட்டுகிறது.
ஐம்பதுக்கு இறக்க வேண்டும்.
பை பையாக நீல மணிகள் கட்டி வைத்திருக்கிறேன்;
ஈரம் குடித்து அவை ரோசா நிறமாகும்.
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்
பழைய தாச்சியில் போட்டு வறுப்பேன், மறுபடி நீலமாகும்வரை.
(சமையலுக்கு எடுக்கக்கூடாதென்று அதன் பிடியில்
தர்மினி சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.)
"கடலை வறுக்கிறீங்களோ?"
படியிறங்கிக்கொண்டே கேட்டார் மேல்மாடி அருளம்பலம்.
ஓம் என்றேன்.
பொய்யில்லை.
கடலைத்தான்.

ஆறரை ரயில் பாணந்துறைக்குப் போகையில்
நாற்பத்தொரு பேழையும் பல்லைக் கடிக்கும்.
இடையிடையே ஃபோம் செருகினேன்.
பிறகு ரயில் போனது தெரியாமல்
இரண்டு நாள் வேலைக்குப் பிந்தினேன்.

இவற்றில் ஒன்று 'கண்ணாடி மாலுமி', இதழ் பதினொன்று.
மருதானை இம்தியாஸ் ஒரு கட்டுப் பழந்தாளோடு
மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தந்தது.
விரிக்கப் பயந்து, விரிக்காமலே
கடல் கடந்து அனுப்பினேன்.
எட்டு மாதம்.
மாலுமி பேழைக்குள் படுத்துத் திரும்பி வந்தான்,
நெற்றியில் ஒன்பது புள்ளி நான்கு.
சுங்கத்தில் கேட்டார்கள், என்ன சாமான்?
புத்தகம்.
திறந்து காட்டுங்கள்.
திறந்தால் வெறும் புத்தகமாகிவிடும், ஐயா.
அவர் என்னை ஒருதரம் பார்த்தார்,
படிவத்தில் 'விளையாட்டுப் பொருள்' என்று எழுதினார்.

ஆனியில் கரண்ட் போன ஓர் இரவு,
ஈரம் உறிஞ்சும் மெஷின் மூச்சை நிறுத்த,
டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன்.
மாலுமியின் தொப்பியருகே ஒரு வெள்ளிக் கோடு.
அச்சுப் பிழையென்று நினைத்தேன்.
அச்சுப் பிழை நடந்தது.

இராமபாணப் பூச்சி.
மூடியவர் கண்ணுக்குத் தப்பி
அதுவும் ஒன்பது புள்ளி நான்கு வாங்கியிருக்கிறது.

இம்தியாஸுக்கு எடுத்தேன்.
"உடைச்சா பாதி விலை," என்றான்.
"உடைக்காட்டி?"
"அது திண்டு முடிக்கட்டும். பிறகு பூச்சியை வில்லுங்க."

நாலு நாள் பார்த்தேன்.
முதலாம் நாள் அட்டையின் ஓரம்.
இரண்டாம் நாள் காணவில்லை,
உள்ளே போயிருந்தது.
மூன்றாம் நாள் எனக்கு உறைத்தது:
நான் ஒரு வரியும் வாசிக்காத புத்தகத்தில்
அது எட்டாம் பக்கமோ, ஒன்பதோ.

நாலாம் நாள் ஸ்க்ரூட்ரைவரை மூலையில் கொடுத்து நெம்பினேன்.
பேழை வெடித்த சத்தத்தில்
தர்மினி குசினியிலிருந்து ஓடி வந்தாள்:
"என்னப்பா, எது உடைஞ்சது?"
விலை, என்றேன்.

பூச்சி என் மணிக்கட்டில் ஏறி, குதித்து,
மற்ற நாற்பதின் பக்கம் போய் மறைந்தது.
துரத்த எழுந்தவன் எழும்பவில்லை.
தாளில் மண்ணெண்ணெயும் பழைய பசையும் மணந்தன.
பின்னட்டையில் யாரோ பேனாவால்
'திருப்பித் தரவும்' என்று எழுதியிருந்தார்கள்.
பெயரிருந்த இடம் தின்னப்பட்டிருந்தது.

வாசித்தேன்.
கதை அப்படியொன்றும் நல்லதில்லை.
மாலுமிக்கு நீந்தத் தெரியாது;
உடைந்துவிடுவான் என்று எல்லாரும் அவனைக்
கப்பலின் அடித்தட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.
முப்பத்திரண்டாம் பக்கத்தில் கப்பல் ஓட்டையாகி
தண்ணீர் அவன் கழுத்துவரை.
கீழே, சிறிய எழுத்தில்:
தொடரும்.

பன்னிரண்டாம் இதழ் அலுமாரியில் நிற்கிறது.
ஒன்பது புள்ளி ஆறு.
கரண்ட் வந்துவிட்டது. மெஷின் மூச்சு விடுகிறது.
ஸ்க்ரூட்ரைவர்
இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.